ஆறு மாத ஒத்திவைப்பு

மார்ச் 4

அன்புள்ள வாயாடியின் அம்மாவுக்கு,

1. இதை எழுதுபவன் உன் கணவன். நகர மன்றத்தின் சட்ட அலுவலர். மூன்று ஆண்டுகளாக இவ்வீட்டில் தனியே வசிப்பவன்.

2. நான் நலம். உன் நலமும் அக்கா வீட்டார் நலமும் அறிய விருப்பம்.

3. மகளின் அறையை ஞாயிறுதோறும் துடைக்கிறேன். எதையும் இடம் மாற்றவில்லை.

4. நகர மையச் சதுக்கத்தைச் சீரமைக்கப் போகிறார்கள். நடுவே ஓடும் பேருந்துச் சாலையை மூடி, நூலகப் படி வரை ஒரே தளமாகக் கல் பாவி, மரங்களும் இருக்கைகளும் வைப்பது திட்டம். பொது விசாரணை 21ஆம் தேதி.

நேற்று கட்டடக் கலைஞரான பெண்மணி ஒருவர் சதுக்கத்தில் வரைபடத்தை விரித்துக் காட்டினார். அங்கே சாவி செய்பவர் குறுக்கிட்டார்: “ரோட்டை மூடிட்டா, கார் சாவியத் தொலைச்சவன் எப்படிம்மா எங்கிட்ட வருவான்?” அந்தப் பெண்மணி நிமிராமலே, “சாவியே இல்லாதவன் கார்லயா வரப்போறான்? நடந்துதாண்ணே வருவான்!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக நினைவு.

இப்படிக்கு,
வாயாடியின் அப்பா

மார்ச் 9

வாயாடியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. “புருஷன் எழுதினதா, வக்கீல் நோட்டீஸாடி?” என்று கேட்டாள் அக்கா. எண் போடாமல் பெண்டாட்டிக்கு ஒரு வரி எழுத வராதா உங்களுக்கு? சாப்பிடுகிறீர்களா, இல்லையா, அது எத்தனையாவது எண்ணில் வரும்?

சாலையை மூடுகிறார்கள் என்று படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான்கு வருஷத்துக்கு முன்பும் இப்படி ஒரு பேச்சு வந்து நின்றுபோனதே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு மூடியிருந்தால் அவள் மீது பேருந்து ஏறியிருக்காது. யார் அதை நிறுத்தியது? உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

வாயாடியின் அம்மா

மார்ச் 12

அன்புள்ள வாயாடியின் அம்மாவுக்கு,

எண் இல்லாமல் எழுத முயன்றதில் இரண்டு தாள்கள் வீணாயின. இது மூன்றாவது.

நீ கேட்டதற்குப் பதில்: நான்.

சாலையை மூடும் ஆணை அன்று கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. கடைக்காரர் சங்கம் வழக்குப் போடுவோம் என்றது. என் கருத்தைக் கேட்டார்கள். “ஆறு மாதம் ஒத்திவைப்பதால் எவருக்கும் நட்டம் நேராது” என்று எழுதிக் கொடுத்தேன். நான்காம் மாதத்தில், ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்தே காலுக்கு, நூலகத்துக்குப் போக அவள் அந்தச் சாலையைக் கடந்தாள். அதன் பிறகு ஆணையைப் பற்றி எவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே வாதாடி வந்தேன். நீதிமன்றத்தில் அந்த வாதம் நிற்கக்கூடும், வீட்டில் நிற்காது.

இப்போது சங்கம் அதே கருத்துரையை இணைத்துத் திட்டத்தை எதிர்க்கிறது. அதை விலக்கிக்கொண்டு வாக்குமூலம் தரப்போகிறேன். வேலை நிலைக்குமா என்பது தெரியாது. செய்தித்தாளில் படித்து நீ அறியக் கூடாது என்பதற்காகவே இக்கடிதம். வாக்குமூலத்துக்குச் சாட்சிகள் இருவர் வேண்டும். சாவி செய்பவர் சம்மதித்தார். மற்றொருவரைத் தேட வேண்டும்.

சாப்பிடுகிறேன்.

வாயாடியின் அப்பா

மார்ச் 17

உங்களுக்கு,

அக்காவிடம் சொல்லவில்லை. அழுகையும் வரவில்லை. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அக்கா வந்து, “என்னடி, மரமா நிக்கிற?” என்று தோளை உலுக்கினாள்.

அன்று அவள் போக மாட்டேன் என்றாள். “வீட்ல கெடந்து வாயடிக்காத, லைப்ரரிக்குப் போ” என்று விரட்டியவள் நான். அதை ஒரு நாளும் நீங்கள் சொல்லிக்காட்டவில்லை. உங்கள் பெருந்தன்மை என்று நினைத்தேன். அந்தப் பெருந்தன்மைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட முடியாமல்தான் இங்கே வந்தேன். மூன்று வருஷம்.

இன்னொரு சாட்சியைத் தேட வேண்டாம். கையெழுத்துப் போடுவதை நேரில் பார்த்தவர்தான் சாட்சி என்று நீங்களே சொல்வீர்கள். 21ஆம் தேதி காலை ரயிலில் வருகிறேன். மன்னிக்க வரவில்லை. பார்க்க வருகிறேன். மாலை ரயிலுக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

மார்ச் 21

விசாரணைக் குழுவின் தலைவர் அவர்களுக்கு,

1. இதில் கையெழுத்திடும் நான் நகர மன்றத்தின் சட்ட அலுவலர். எவருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு நினைவோடு இதைத் தருகிறேன்.

2. சதுக்கத்தின் நடுச் சாலையை மூடுவதை ஆறு மாதம் ஒத்திவைப்பதால் எவருக்கும் நட்டம் நேராது என நான்கு ஆண்டுகளுக்கு முன் எழுதியவன் நானே.

3. அந்த ஆறு மாதங்களுக்குள், அச்சாலையில், பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி பேருந்து மோதி இறந்தாள். அவள் என் மகள்.

4. எனவே மேற்படி கருத்துரை தவறு. அதை விலக்கிக்கொள்கிறேன். எவரும் அதைச் சான்றாகக் காட்ட வேண்டாம். சாலையை மூடுங்கள்.

(கையெழுத்து)
சட்ட அலுவலர்

என் முன்னிலையில் கையெழுத்திட்டார்:

சாட்சி 1: சதுக்கத்தில் சாவி செய்பவர்.
முகவரி: நூலகப் படிக்கு எதிரே, நீலக் குடை.

சாட்சி 2: மேற்படி மகளின் தாய்.
முகவரி: பிறகு எழுதுகிறேன்.