வால் தூக்கும் பீரங்கி

என் மகளின் நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்து, நீ செய்த பீரங்கிப் பொம்மையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். திண்டிவனத்து வீடு முழுக்க அந்த நெடி. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. இரண்டு தடவை துடைக்கிறேன், உனக்கு இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து வாசல்வரை போய்வருகிறேன். நீ பார்த்திருந்தால், "இன்னாடா, பிரசவ வார்டு வாசல்ல நிக்கிறவன் மாதிரி நடந்துக்கினு இருக்கே?" என்று கேட்டிருப்பாய்.

போன வாரம் விழுப்புரத்தில் உன் வீட்டுக்குப் போனபோது உன் மனைவி இதைக் கொடுத்தாள். ஒரு சாண் நீளம், மரச்சக்கரம், பித்தளைக் குழாய். குழாயின் பின்பக்கம் லொடலொடவென்று ஆடியது. கழன்றுவிட்டதாக நினைத்து, சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டு அழுத்திப் பிடித்தேன். ஒட்டிய பிறகுதான் உறைத்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரன் வைத்திருந்த அந்த ஏழரை சென்டிமீட்டர் வாய் அகலப் பீரங்கியில் குண்டு போடக் கதவு திறக்காது. கதவு இருந்த இடத்திலேயே இருக்கும். குழாயின் வால்தான் மேலே எழும்பிவந்து குண்டை வாங்கிக்கொள்ளும். படித்துப் படித்துச் சொன்னாயே! ஆடவேண்டியதைப் போய் ஒட்டித் தொலைத்துவிட்டேன். அந்தப் பசையைக் கரைக்கத்தான் இந்த ரிமூவர்.

நம் ஆபீஸ் எதிரே டீக்கடையில் நின்று இதைப் பற்றி எவ்வளவு கத்தியிருக்கிறோம். யாருக்காகச் சுட்டது என்று பேசினால் டீ தொண்டையில் இறங்காது, அதனால் எப்படிச் சுட்டது என்று மட்டும் பேசுவோம். நான் அவர்களுடைய பெரிய பீரங்கியான பதினைந்து சென்டிமீட்டரின் கட்சி. ஒரு குண்டு விழுந்தால் வீடே தரைமட்டம். நீ சின்னதின் கட்சி.

"உன்னுதை இழுக்கறதுக்குள்ள குதிரைக்கே நாக்கு தள்ளிடும். சேத்துல மாட்டினா அம்போதான். என்னுதை நாலு பேர் தள்ளிக்கினு போய் காலாட்படை பக்கத்திலயே நிறுத்தலாம். பின்னாடி எங்கேயோ இருக்கிற பெரிய பீரங்கிக்கு ஆள் அனுப்பிட்டு வாயைப் பாத்துக்கினு இருக்க வேணாம்."

"பக்கத்துல நின்னா எதிரி கண்ணுல படாதா? உன்னுது சுடற தூரமும் கம்மிதானே?"

"கம்மிதான். ஆனா கூப்பிட்ட குரலுக்கு வரும்டா."

டீ மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். "சண்டை முடிஞ்சு எத்தினி காலம் ஆவுது, நீங்க ரெண்டு பேரும் இன்னும் சுட்டுக்கினே இருக்கீங்க!"

கூப்பிட்ட குரலைப் பற்றி அப்படிப் பேசிய நீ, நெஞ்சு வலித்த அன்று என்னைக் கூப்பிடவில்லை. திண்டிவனம் என்ன சீமையிலா இருக்கிறது? பஸ் ஏறி வந்திருக்க மாட்டேனா? உன் காரியம் முடிந்த நாளிலிருந்து இதே கேள்வி என்னைப் பிடுங்கித் தின்றது. போன வாரம் உன் மனைவியிடம் கேட்டேவிட்டேன்.

"ஏம்மா, எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போடறேன்னுதான் சொன்னேண்ணா. அவருதான் வாணாம்னாரு. 'அவன் வந்தா ஊரையே கூட்டிக்கினு வருவான், மெட்ராஸுக்கு இழுத்துக்கினு போவான், அப்பறமா சொல்லிக்கலாம்'னாரு. 'அவன் பதினஞ்சு சென்டிமீட்டருடீ'ன்னு சிரிக்க வேற சிரிச்சாரு. அப்படின்னா இன்னாண்ணா?"

"ஒண்ணுமில்லம்மா, ஆபீஸ் வேடிக்கை" என்றேன்.

படுபாவி! இழுத்துக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பாயோ என்னவோ. பெரிய பீரங்கி சேற்றில் மாட்டும் என்று நீயே முடிவு கட்டிவிட்டாயே. இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஒப்புக்கொள்ளவில்லை என்று கத்துவதற்கும் இப்போது எதிரில் ஆளில்லை. அழுகைதான் வருகிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் வீட்டிலிருந்து போன். "தண்ணி மோட்டரு ஓடலண்ணா. யாரையாச்சும் அனுப்பறீங்களா?" எலக்ட்ரீஷியன், பிளம்பர், கார் வைத்திருக்கும் மச்சான் என்று வழக்கம்போல மூன்று பேர் வாய்வரை வந்துவிட்டார்கள். விழுங்கிக்கொண்டேன். "நானே வர்றேம்மா" என்றேன்.

பசை விட்டுவிட்டது. விரலால் நெம்பினால் வால் எழும்புகிறது, கதவு அசையாமல் நிற்கிறது. பொம்மையை டெஸ்டரோடும் ஸ்க்ரூ டிரைவரோடும் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன். பஸ்ஸில்தான் வருகிறேன்டா, தனியாக. ஊரைக் கூட்டவில்லை.