தாடி சொன்ன சேதி

வாழவந்தி நாடு,
கார்த்திகை, 1938

எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்த கண்ணுக்கு,

முறத்தில் அடுப்புக்கரியால் நீ எழுதிக் காட்டிய எழுத்துகள்தான் இவை. இதை எழுதி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. பிழை இருந்தால் வந்து திருத்து.

கல்யாணமாகி நாலாம் மாதமே, நாற்பது வயதில் முழுகாமல் இருக்கிறோமே என்று வெட்கப்பட்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாய். "யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க" என்று சத்தியமும் வாங்கினாய். நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் பெண்சாதி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் சவரம் செய்யக் கூடாதே! அறுபது வயதில் எனக்கு முதல் பிள்ளை. முறையை மீற மனம் வரவில்லை. நாலு நாள் முன்பு சாமை அறுக்கையில் பக்கத்து வீட்டு அத்தாயி என் முகத்தையே பார்த்தாள்.

"ஏனுங்க மாமா, சாமியாராப் போறீங்களா, அப்பனாகப் போறீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவுதான், காடே சிரித்தது.

சாயங்காலம் அத்தாயி பழைய சேலை ஒன்றைத் தொட்டிலுக்கென்று கொண்டுவந்தாள். "அத்தையைக் கூட்டியாங்க மாமா, ஒளிஞ்சது போதும்" என்றாள். விட்டத்தில் கயிறு கட்டி, நானே பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். தாங்குகிறது.

சிரிக்க வேண்டியதையெல்லாம் ஊர் சிரித்து முடித்துவிட்டது. நீ வெட்கப்பட இனி ஒன்றும் மிச்சமில்லை. வெள்ளிக்கிழமை உன்னைக் கூட்டிப்போக வருகிறேன். தாடியைப் பார்த்து நீயும் ஒருமுறை சிரித்துவிட்டுக் கிளம்பு.

உன் தாடிக்காரன்