படகுக்காரன் சொன்ன வழி

மார்ச் 4, செவ்வாய்

பல் துலக்குவதற்கு முன்பே முந்நூறு கருத்துகளைப் படித்து முடித்தேன். எங்கள் வீடியோ கேம் 'எட்டாம் வாயில்' இரண்டாம் பாகம் வெளியாகி இன்றோடு ஐந்து நாள். வீட்டுக்காரர் வாயில் பிரஷ்ஷோடு வந்து எட்டிப் பார்த்தார். "திட்டினவங்களுக்கெல்லாம் நீயே பதில் எழுதிடாத" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினெட்டு வருஷமாக என்னைப் பார்க்கிற மனுஷன்.

முதல் பாகத்தில் திரையின் மேலே ஒரு மஞ்சள் அம்பு இருந்தது. போக வேண்டிய திசையைக் காட்டும். விளையாடியவர்கள் அம்பைப் பார்த்துக்கொண்டே ஓடினார்கள். ஊரையும் பார்க்கவில்லை, ஊரில் நின்றவர்களிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அந்த ஊர்க்காரர்களுக்குப் பேச்சு எழுதியவள் நான். வயிறு எரியாதா? இரண்டாம் பாகத்தில் சண்டை போட்டு அந்த அம்பைப் பிடுங்க வைத்தேன். நாடு முழுக்கப் பனிமூட்டம், கதையே அதுதான். நாலடிக்கு அப்பால் விளக்கு வெளிச்சம் தவிர ஒன்றும் தெரியாது. வழி வேண்டுமானால் ஆளைக் கேட்டாக வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வழி சொல்கிறார்கள். மேடு, பள்ளம், சத்தம், வாசனை என்று அவரவர் பாணியில் சொல்கிறார்கள். மூன்று வருஷம் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்.

இன்று படித்ததில் ஒன்று: "ரொட்டி சுடும் அம்மாவிடம் வழி கேட்டேன். 'நேராப் போங்க, அங்க போய் யாரையாவது கேளுங்க' என்றார். என் மாமியார் இப்படியேதான் சொல்வார். சிரித்து மாளவில்லை." ஐந்து நட்சத்திரம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குக் கீழேயே இன்னொன்று: "ஒரு மண்ணும் தெரியவில்லை. அம்பைத் திருப்பிக் கொடுங்கள்." ஒரு நட்சத்திரம்.

மார்ச் 5

நூற்றுக்கு நாற்பத்தொரு பேர் 'வழி தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறார்களாம். கேப்டன் சொன்னார். (எங்கள் இயக்குநரை அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.) பதினேழாம் தேதிக் கூட்டம் வரை பொறுப்பாராம். அப்போதும் மூன்றில் ஒருவருக்கு மேல் அதையே சொன்னால், அடுத்த அப்டேட்டில் அம்பு வந்துவிடும். அம்பு வந்துவிட்டால் என் ஆட்களிடம் யார் நின்று கேட்பார்கள்?

மார்ச் 7

அளவுகோலுக்கு இப்போதே வாயெல்லாம் பல். வரைபடம் போடுகிறவர், சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல், அதனால் அந்தப் பெயர். முதல் நாளிலிருந்தே அம்பு வேண்டும் என்று நிற்கிறார். லிஃப்டில் பார்த்து, "என்ன மேடம், ஜனங்க தொலைஞ்சு போறாங்களாமே?" என்றார். தொலைந்துபோனால்தானே ஊரைப் பார்ப்பார்கள் என்றேன். நாலாவது மாடி வந்ததுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தேன். திரும்ப இறங்கி வர வேண்டியதாயிற்று.

இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் எனக்கு உயிர் யார் என்று கேட்டால் மூன்றாம் ஊர்ப் படகுக்காரன். "கரையேறுங்க. மணல் முடிஞ்சு கூழாங்கல் வரும். அங்க நின்னு காதைக் குடுங்க. இரும்படிக்கிற சத்தம் இடது தோள்ல வந்து உக்காரணும். உக்காந்துச்சா? அப்புறம் யோசிக்காம நடங்க." நான் எழுதியதிலேயே இதுதான் உசத்தி. என் வாயால் சொல்லக்கூடாது. நாட்குறிப்பில்தானே சொல்கிறேன்!

மார்ச் 9, ஞாயிறு

இரண்டு நட்சத்திரம் போட்டு ஒருவர் எழுதியிருக்கிறார். புனைபெயர் 'லைனில் இருங்கள்'. மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறதாம். ஆனால் "மூன்றாம் ஊர்ப் படகுக்காரன் தப்பாக வழி சொல்கிறான். சொன்னபடி நடந்தால் சதுப்பு நிலம். பதினொரு முறை செத்தேன்."

எங்கே வந்து கை வைக்கிறார் பாருங்கள்! படகுக்காரன் தப்புச் சொல்கிறானாம். வீட்டுக்காரர் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. நிறுவனத்தின் பெயரிலேயே பதில் போட்டேன்: "ஒவ்வொரு வழியும் எங்களால் கேட்டுச் சரிபார்க்கப்பட்டது. கரையேறியதும் ஒரு தரம் நன்றாகப் பாருங்கள். மூட்டத்திலும் கோபுர விளக்கு மங்கலாகத் தெரியும்." மரியாதையாகத்தான் எழுதினேன். ஆனால் அடிக்கும்போது எனக்கு எவ்வளவு மிதப்பு என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 10

பதில் வந்திருக்கிறது. ஒரே வரி.

"பார்க்க முடிந்தால் உங்கள் படகுக்காரனை நான் எதற்குக் கேட்கப் போகிறேன்?"

அவருடைய பழைய கருத்துகளைத் தேடிப் படித்தேன். கண் தெரியாதவர். திரையில் வரும் பட்டியல்களை வாசித்துச் சொல்லும் வசதியைப் போட்டுக்கொண்டு, காலடிச் சத்தத்தை வைத்தே மூன்றாம் ஊர் வரை வந்திருக்கிறார். அவரைப் போய் நான் நன்றாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மார்ச் 11

காலையில் அலுவலகத்தில் திரையை அணைத்துவிட்டுப் படகிலிருந்து இறங்கினேன். மணல், கூழாங்கல். நின்றேன். இரும்படிக்கிற சத்தத்தை இடது தோளில் வைத்தேன். நடந்தேன். சளக், செத்தேன். திரும்பவும் போனேன், திரும்பவும் சளக். நாலு தடவை.

பழைய மடல்களைத் தோண்டினேன். போன நவம்பரில் மூன்றாம் ஊரை ஆற்றின் மறுகரைக்கு மாற்றியிருக்கிறார்கள். இடம் வலமாகிவிட்டது. அந்த ஊரில் பதினான்கு பேச்சுகளை மாற்ற வேண்டும் என்று அளவுகோல் பட்டியலே போட்டு அனுப்பியிருக்கிறார். பதின்மூன்றை மாற்றியிருக்கிறேன். பதினாலாவது படகுக்காரன். அவன் பேச்சில் ஓர் எழுத்தைத் தொட மனசு வராமல், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தேன். அப்புறம் பார்க்கவே இல்லை. ஆனால் 'கேட்டுச் சரிபார்த்தேன்' என்ற கட்டத்தில் டிக் போட்டது யார்? நான்தான். சும்மா போட்டிருக்கிறேன். இவ்வளவு நாள் வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண் தெரிந்தவர்கள் விளக்கைப் பார்த்து நடந்துவிட்டார்கள். படகுக்காரன் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

அவன் பேச்சை நம்பி நடந்த ஒரே ஆளைத்தான் நான் மட்டம் தட்டியிருக்கிறேன்.

மார்ச் 13

சோதனை மேல் சோதனை. ஒரு ரசிகர் நாற்பது நிமிஷ வீடியோ போட்டிருக்கிறார்: படகுக்காரன் எதிரியின் ஒற்றனாம்! வேண்டுமென்றே சதுப்பில் தள்ளுகிறானாம்! 'இந்தப் பாகத்தின் மிகச் சிறந்த எழுத்து' என்கிறார். பார்த்தவர்கள் எல்லோரும் கூட்டமாகப் படகுக்காரனிடம் போய் வழி கேட்கிறார்கள், சதுப்பில் விழுந்தாலும் கதைதான் என்று ரசிக்கிறார்கள். புகார் நூற்றுக்கு முப்பத்தைந்தாக இறங்கிவிட்டது. இன்னும் இரண்டு குறைந்தால் அம்பு இல்லை.

கேப்டன் என் மேஜைக்கே வந்தார். "ஒற்றன்னு எங்ககிட்டகூட சொல்லலையே நீங்க! பிரமாதம்" என்றார்.

சிரித்தேன். வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 14

'லைனில் இருங்கள்' அம்மாவுக்கு மன்னிப்புக் கேட்டுத் தனியாக எழுதியிருந்தேன். தொலைபேசி எண்ணைக் கொடுத்து, பத்திலிருந்து ஐந்துக்குள் கூப்பிடச் சொன்னார். ஓர் ஆஸ்பத்திரி எண். அங்கே வருகிற அழைப்புகளை எடுத்து உரிய இடத்துக்கு மாற்றிவிடுவதுதான் அவர் வேலை. புனைபெயர் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. அரை மணி நேரத்தில் ஆறு தடவை என்னை லைனில் இருக்கச் சொல்லிவிட்டு யாரையோ எக்ஸ்-ரேவுக்கும் பிரசவ வார்டுக்கும் மாற்றிவிட்டு வந்தார்.

என்னிடம் இனிமையாக ஒன்றும் பேசவில்லை. மன்னிப்பைக் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். முதல் பாகத்தை அவர் விளையாடவே முடியவில்லையாம். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து அம்பு எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். அவனுக்கு அலுத்துப்போகும், இவருக்குக் கூச்சமாக இருக்கும். இரண்டாம் பாகத்தில்தான் தனியாக இரண்டு ஊர் கடந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டாராம். அப்புறம் படகுக்காரன்.

"பதினோரு தடவை செத்ததுகூடப் பரவால்லங்க. கடைசில என் தம்பியைக் கூப்பிட வெச்சுட்டீங்க" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "மத்தவங்களுக்கு உங்க ஆளுங்க பேசறது அலங்காரம். எனக்கு அதுதான் ரோடு" என்றார்.

அதை அப்படியே எழுதிக்கொண்டு லைனில் இருந்தேன்.

மார்ச் 15

சொன்னால் அம்பு வரும். சொல்லாவிட்டால் நான் மேதை.

வீட்டுக்காரர் பல் செட் செய்கிறவர். சாப்பிடும்போது எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. பல் செட் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும், போட்டுக்கொண்டவர் குத்துகிறது என்றால் திரும்ப எடுத்து ராவுவாராம். "அழகா இருக்கே, அப்படியே வெச்சுக்கோங்கன்னா சொல்லுவேன்?" என்றார். அதோடு தயிரை எடுத்து ஊற்றிக்கொண்டார். இந்த மனுஷனுக்கு எல்லாமே சுலபம்.

மார்ச் 17, திங்கள்

கூட்டம். காலை நிலவரம் நூற்றுக்கு முப்பத்திரண்டு. நான் ஜெயித்திருந்தேன். கேப்டன் எனக்குக் கை தட்டச் சொல்ல, எல்லோரும் தட்டினார்கள். எழுந்து நின்றேன். படகுக்காரன் ஒற்றன் இல்லை, அவன் பேச்சு என் பிழை, கேட்காமலே டிக் போட்டேன் என்று சொன்னேன்.

அளவுகோல் ஸ்கேலை எடுத்து மேஜையில் வைத்தார். சரி, இப்போது வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்தேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். வழி சொல்கிற ஆளே தப்பு என்றால் அம்பு இல்லாமல் எப்படி என்று அவர் கேட்டதில் தப்பே இல்லை.

கேப்டனுக்கு ஒற்றனை விட மனசில்லை. அப்படியே இருக்கட்டுமே, ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறதே என்றார். நான் முடியாது என்றேன். "அவன் பொய் சொன்னா, மத்த இருநூத்திப் பதினோரு பேரை யார் நம்புவாங்க, கேப்டன்? அந்தம்மா அடுத்த ஊர்ல எதை நம்பி அடி எடுத்து வெப்பாங்க?"

ஒன்றரை மணி நேர முடிவு: அம்பு வரும். ஆனால் அணைத்தே இருக்கும். வேண்டுமென்றவர்கள் அமைப்புகளில் போய்ப் போட்டுக்கொள்ளலாம். பிழையை நான் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் திரையில்லாமல் மறுபடி சரிபார்க்க வேண்டும். யாரை வைத்து என்று கேட்டார்கள். ஓர் ஆள் இருக்கிறார் என்றேன்.

மார்ச் 18

ஒப்புதலை எழுதிப் போட்டேன். திட்டு மழை. "ஒற்றன் இல்லையா? நாற்பது நிமிஷ வீடியோ போட்டேனே!" என்று அந்த ரசிகர் புலம்பியிருக்கிறார். பாவம்தான். எனக்கென்னவோ நன்றாகப் பசித்தது.

ஏப்ரல் 2

சரிபார்த்து முடித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை முடிந்த மாலைகளிலும் அந்த அம்மா கேட்டுக்கொண்டே நடந்தார், நான் குறித்துக்கொண்டேன். படகுக்காரன் போக இன்னும் மூன்று பிழை பிடித்தார். மூன்றுக்கும் நான் முதலில் வாதாடினேன். மூன்றிலும் தோற்றேன். படகுக்காரனுக்குக் குரல் கொடுத்தவரைக் கூப்பிட்டு வலது தோள் என்று மறுபடி பேச வைத்தோம். எல்லாம் இன்று வெளியாகிவிட்டது.

இரண்டு நட்சத்திரத்தை நாலாக்கியிருக்கிறார். ஐந்தாவது ஏன் இல்லை என்று கேட்டேன், கேட்காமல் இருக்க முடியுமா? தம்பியைக் கூப்பிட வைத்ததற்கு அது பிடித்தமாம். சரிதான்.

ஏப்ரல் 11

அம்பைப் போட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று அளவுகோலே வந்து சொன்னார். ஐந்தில் ஒருவர். மற்றவர்கள் கேட்டுக் கேட்டு நடக்கிறார்கள். "நானும் வீட்ல போட்டுக்கல மேடம்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். இன்றைக்கு லிஃப்டே வேண்டாம், படியேறியே போனேன்.

ஏப்ரல் 19, சனி

கருத்துப் பகுதியில் யாரோ ஒருவர் புலம்பியிருந்தார். ஐந்தாம் ஊர்ச் சந்தையில் அரை மணி நேரமாகச் சுற்றுகிறாராம். பெரிய திரை, நல்ல கண், இருந்தும் நூலகம் எங்கே என்று தெரியவில்லையாம். துணிக்கடைக்காரர் சொல்வதைக் கேளுங்கள் என்று பதில் அடிக்க ஆரம்பித்தேன். பாதி அடிப்பதற்குள் 'லைனில் இருங்கள்' எழுதிவிட்டார்:

"சந்தையை முதுகுப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது பலகைச் சத்தம் கேட்டால் தப்பு, ஈர மண் சத்தம் கேட்க வேண்டும். கொஞ்ச தூரத்தில் உங்கள் காலடிச் சத்தமே எதிரே பட்டுத் திரும்பி வரும். அந்தச் சுவர்தான் நூலகம்."

என் துணிக்கடைக்காரர் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கே சத்தம் திரும்பி வரும் என்று எனக்கே தெரியாது! விளையாட்டைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தேன். வருகிறது. ஒலிக்காரர்கள் சத்தமில்லாமல் செய்து வைத்திருக்கிறார்கள். நான் எழுதியதைவிட இந்த வழி நூறு பங்கு மேல். எனக்குப் பொறாமையே வரவில்லை. பெருமையாக இருந்தது, என் சொந்த எழுத்துக்குக்கூட இவ்வளவு இருந்ததில்லை.

பத்து நிமிஷத்தில் அந்த ஆள் எழுதினார்: "வந்து சேர்ந்துட்டேன்! ரொம்ப நன்றி அண்ணா."

அதற்குக் கீழே 'லைனில் இருங்கள்' எழுதியிருந்தார்: "அண்ணா இல்ல, அக்கா. அடுத்த ஊர்லயும் வழி தெரியலைன்னா கேளுங்க, சொல்றேன்."