லோகாம்பாள் வைத்துவிட்டுப் போன குழம்பு

ஆதிகேசவன் முதலாளி வீட்டுத் தறியிலிருந்து இன்னும் வரவில்லை. அவன் மனைவி லோகாம்பாள் காலண்டர் தாளைக் கிழித்து, குழம்புச் சட்டியின் மேல் வைப்பதற்காகப் பின்பக்கம் எழுதினாள்.

"சோறு, கத்திரிக்காய்க் குழம்பு இருக்குது. நான் திருப்பருத்திக்குன்றம் தயாவதி வூட்டுக்குப் போறேன். ஆஸ்பத்திரியில என் பக்கத்துக் கட்டில்ல இருந்தவங்க. என்னைப் போலவே கிட்னி கெட்டவங்க. உப்பில்லாத சோறு தொண்டையில எறங்கலன்னு அழுவுறாங்க. ஜைனர் வூடு, பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டுடுவாங்க. நான் எதிர்ல உக்காந்து அதையே தின்னா ரெண்டு பேருக்கும் எறங்குது.

நேத்து உங்க அக்கா முன்னாடி, 'உப்பு வேணாம்னு வேஷம் போடுறா, ரெண்டு சீக்காளிங்களும் சேர்ந்து ஊர்வம்பு பேசுதுங்க'ன்னு சிரிச்சீங்க. நானும் கேட்டுக்கினுதான் இருந்தேன்.

குழம்புல உப்பு போடல."

இடம் தீர்ந்துபோகவே, ஓரத்தில் நெருக்கி எழுதினாள்.

"உப்பு ஜாடியைத் தேடாதீங்க, கூடையில எடுத்துக்கினு போறேன். நீங்க வர்றதுக்குள்ள விளக்கு வெச்சுடுவாங்க. அதுக்கப்புறம் எந்த வூட்லயும் உப்பு தரமாட்டாங்க, கடையிலயும் தரமாட்டாங்க.

மோர் இருக்குது. அதுலயும் போடல.

தொண்டையில எறங்கலன்னா நாளைக்கு எங்ககூட வந்து உக்காருங்க."