கடைசிப் பக்கத்து விளம்பரம்

என் அம்மாவுக்கு,

உன் புத்தகம் மறுபடி அச்சாகப் போகிறது. நீ மராத்தியிலிருந்து மொழிபெயர்த்த அந்த ஒரே சிறுகதைத் தொகுப்புதான். இங்கே புனேயில், ஔந்துப் பக்கம் இருக்கும் ஒரு கோவைப் பெண், ஐடி வேலைக்கு நடுவே பதிப்பகம் நடத்துகிறாள். "முதற்பதிப்புல எப்படி இருக்கோ அப்படியே போடறேன் சார், மொழிபெயர்ப்பாளர் பேர் உட்பட" என்றாள். சிக்கல் அங்கேதான்.

என் பிரதியில் 'தமிழில்' என்பதற்குக் கீழே உன் பெயர். மாமா மகன் ரவியின் பிரதியில் மாமாவின் பெயர். அதை இப்போதுதான் பார்க்கிறேன். இரண்டிலும் 'முதற்பதிப்பு' என்றே இருக்கிறது, ஆண்டும் ஒன்றே. மறுபடி அச்சடிக்கும்போது பதிப்பும் ஆண்டும் போட்ட பக்கத்தைத் திருத்தாமல் விடுவது நம் பதிப்பாளர்களின் வழக்கம். மாமாவுக்கு மராத்தி தெரியாதே என்றால், ஆங்கிலம் வழியாகச் செய்தார் என்கிறான் ரவி. அச்சுக்குக் கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் பிரதியை நம்பிக்கையோடு சென்னைக்கு, அவரிடம் அனுப்பியவள் நீதானே?

மகளைப் பார்க்கப் புனே வந்த ரவி, சென்ற ஞாயிறு வானவடியில் என் வீட்டுக்கும் வந்தான். சாப்பாட்டு மேசையில் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

"டேய் சேகர், கண்ணாடி போட்டுப் பாரு. முதற்பதிப்புன்னு கொட்டை எழுத்துல இருக்கு."

"என்னோடதுலயும் அதேதான் இருக்கு."

"அப்ப உன்னோடது பின்னாடி வந்திருக்கும். அத்தை ஆசைப்பட்டாங்கன்னு அப்பா பேரை விட்டுக் கொடுத்திருப்பாரு. மனசு அப்படி."

மாமாவின் மனசு எனக்கும் தெரியும். புத்தகங்களைப் புரட்டினேன். தாள், தையல், அச்சகம் எதிலும் வித்தியாசமில்லை. கடைசிப் பக்கம் மட்டும் வேறு. உன் பெயர் உள்ளதில் வெற்றுத் தாள். அவனுடையதில் 'எங்கள் பிற வெளியீடுகள்' என்று ஒரு விளம்பரம். நடுவில் மாமா எழுதிய நாவல்.

"இந்த நாவல் எப்ப வந்துச்சு, ரவி?"

"என் கல்யாணத்துலதானே வெளியிட்டாரு. தாம்பூலப் பையில கூடப் போட்டுக் குடுத்தோமே..."

பாதியில் நிறுத்திக்கொண்டான். இரண்டு பிரதிகளிலும் முதற்பதிப்பு என்று போட்டிருக்கும் ஆண்டில் அவன் அரைக்கால் சட்டையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

காப்பியைக் குடித்து முடித்த பிறகு, "ரெண்டு பேரையும் போட்டுடலாமேடா" என்றான். முடியாது என்றேன்.

பதிப்பகப் பெண் உன் பெயரை மட்டும் போடச் சம்மதித்தாள். எனக்கு அது போதவில்லை. இரண்டாம் பதிப்பு மாமாவின் பெயரில் வந்தது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்.

"அது எதுக்கு சார்? அவரும் இப்ப இல்லையே."

"பதிப்பு வரலாறும்மா. முழுசா இருக்கட்டும்."

அந்த வரியை ரவிக்கும் அனுப்பிவைத்தேன். மறுநாள் போன் செய்தான். "அத்தை இருந்தா இதைச் செய்வாங்களாடா?"

செய்திருக்க மாட்டாய். அந்த இரண்டாம் பதிப்பு உன் கண்ணில் பட்டதா, அம்மா? பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு தீபாவளிக்கும் உன் அண்ணனுக்கு இந்த ஊர் முறுக்கான சக்லியைப் பார்சல் அனுப்பினாயா? கேட்டிருந்தால், "கதையை நாலு பேர் படிச்சாச் சரிடா" என்றிருப்பாய். மாமாவை நான் மன்னிக்கவில்லை. உன் பெருந்தன்மையையும்தான்.

அந்த வரியை எடுக்க விடமாட்டேன். முதல் பிரதி ரவிக்குத்தான் போகும். கடைசிப் பக்கத்தை வெற்றுத் தாளாகவே விடச் சொல்லியிருக்கிறேன்.

உன்னைப் போல் இல்லாத உன் மகன்,
சேகர்