எதிர்த்தவர் பட்டியலில் அப்பாவின் பெயர்

அன்புள்ள பெரியவளுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம், என் இடது முழங்கால் மட்டும் கூட வர மறுக்கிறது. அங்கே குளிர் குறைந்து நீ இருமாமல் தூங்குகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போன கடிதத்தில் இடம் போதாமல் ஓரத்தில் நுணுக்கி ஒன்று கேட்டிருந்தாய், அப்பாவுக்கு என்மேல் கோபமா என்று. அவருடைய தொகுதியில் தேர்தலுக்கு வந்து நிற்க முடியாது என்று நீ சொன்னதிலிருந்து போனில் ஒரு 'ம்', பிறகு 'அம்மாகிட்ட தரேன்', அதோடு சரி என்று வருத்தப்பட்டிருந்தாய். கோபமே இல்லை. அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய், அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார், மற்றதெல்லாம் விழாவிட்டாலும் இந்த மாதிரிப் பேச்சு மட்டும் எப்படியோ விழுந்துவிடும். நீ போனை வைத்ததும் 'என்ன சொன்னா, முழுசா சொல்லு டீச்சர்' என்று என்னைப் பிடித்துக்கொள்வார். நீ வெங்காயம் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்ட கதையை மூன்று தடவை சொல்ல வைத்தார்.

எனக்கே இது தெரிய ஒரு வருஷம் ஆயிற்று. கண்டக்டராக இருந்த காலத்தில் பின் சீட்டில் யாராவது இறங்கணும் என்று முணுமுணுத்தாலே விசில் ஊதிவிடுவார். அந்தக் காதுக்காகத்தான் தொழிலாளிகள் அவரைச் சங்கச் செயலாளராக்கினார்கள், சங்கத்தைப் பார்த்துக் கட்சி நிறுத்தியது, நாடாளுமன்றத்தில் இது ஆறாவது தடவை, இருபத்தெட்டு வருஷம். மந்திரியாக ஒரு நாளும் கூப்பிடவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. சனிக்கிழமை முன்னறையில் மனு கொண்டு வருகிறவர்களை முதலில் இஷ்டத்துக்குப் பேசவிட்டு, அப்புறம் 'இப்ப ஒரே வாக்கியத்துல சொல்லுங்க' என்பார் இல்லையா, அந்த வாக்கியத்தை அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொண்டு போய்ச் சபையில் கேட்பார். போன வருஷத்திலிருந்து மூன்றாம் தடவை, நான்காம் தடவை சொல்ல வைக்க ஆரம்பித்தார். வந்தவர்கள் ஐயா எவ்வளவு கவனமாகக் கேட்கிறார் என்று உருகிப் போனார்கள், நானும்தான். எட்டாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவி இருந்தாள், பலகையில் ஒரு கணக்கு இருக்க இவள் வேறு கணக்கைப் போட்டு நீட்டுவாள். கவனமில்லை என்று எத்தனை நாள் நிற்க வைத்திருக்கிறேன், கடைசியில் பார்த்தால் பலகையே அவளுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகளை முதல் நாளே கண்டுபிடித்தவள், வீட்டில் கோட்டை விட்டுவிட்டேன்.

மூன்று மாதத்துக்கு முன், வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை என்று அவர் பதினொரு வருஷமாக விடாமல் கொண்டுவந்த திருத்தம் ஒரு வழியாக ஓட்டுக்கு வந்தது. கடைசி நிமிஷத்தில் சபாநாயகர் வரிசையை மாற்றி அறிவித்தது அப்பாவுக்கு விழவில்லை. வேறெதையோ எதிர்ப்பதாக நினைத்துத் தன்னுடையதற்கே எதிராகப் பட்டனை அழுத்திவிட்டார். திருத்தம் நிறைவேறிவிட்டது, ஆனால் எதிர்த்தவர் பட்டியலில் அவர் பெயர் அச்சாகிவிட்டது. அன்றைக்கே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் திருத்திவிடுவார்களாம். அந்தச் சீட்டில் காரணம் என்று ஒரு கட்டம். அதை நிரப்ப மனசு வராமல் நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார், துவைக்கப் போடும்போது நான்தான் எடுத்தேன், அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது.

போன சனிக்கிழமை வீட்டு வேலைக்காரர் சங்கத்துத் தலைவி வந்தாள், உன் சைக்கிளைக் கேட்காமலே எடுத்துப் போவாளே, அவள்தான். உட்காரக்கூட இல்லை. 'தலைவரே, உங்க பேரு அந்தப் பக்கம் இருக்கே, காசு வாங்கிட்டாருன்னு ஒருத்தி சொல்றா, வயசாயிடுச்சுன்னு ஒருத்தி சொல்றா, நான் எதைன்னு சொல்லட்டும்' என்று கத்தினாள். கத்தியதால் அவ்வளவும் அவருக்குக் கேட்டது. 'ரெண்டாவதைச் சொல்லு' என்றார். பிறகு என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, 'காது போச்சும்மா, தப்பா அமுக்கிட்டேன்' என்றார். 'அன்னைக்கே சொல்லியிருந்தா நாங்க நாலு பேரு வந்து பின்னால நின்னு கத்தியிருப்போமே' என்றவள், அப்புறம்தான் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

திங்கட்கிழமை சபாநாயகருக்கு எழுதினார். பட்டியலை இனி மாற்ற முடியாது, விளக்கத்தை மட்டும் பதிவில் சேர்ப்பார்களாம். 'எனக்குக் காது கேட்கவில்லை' என்று ஒரே வரி, என்னிடம் பிழை பார்க்கக் கொடுத்தார். அடுத்த தேர்தலில் நிற்கவில்லை என்று கட்சியிலும் சொல்லியாயிற்று. அப்போ உங்கள் மகளை மறுபடி கேட்டுப் பாருங்கள் என்றார்களாம். 'எம்.பி. சீட்டு என்ன எங்க வீட்டு பீரோவா, புள்ளைக்கு எழுதி வைக்க? அவ சொன்னதுதான் சரி' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். உன்னிடம் இதைச் சொல்லத்தான் வெட்கம், 'தூரத்துல இருக்கா, பயந்துடுவா, எழுதாத டீச்சர்' என்றார். எழுதிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, விரலில் ஈரம் படாமல் பார்த்துக்கொள். நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவரின் ஆசீர்வாதம். காதுக் கருவி வர இன்னும் மூன்று வாரம் ஆகும், நீ அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு, ஜன்னலைப் பார்த்து உட்கார், வெளிச்சம் உன் வாயில் விழட்டும், மெதுவாகப் பேசு, அவர் போனை என்னிடம் நீட்டினால் நான் வாங்க மாட்டேன், நீயும் வைத்துவிடாதே.

அன்புடன்,
அம்மா