நோகாத கட்டி

12.2.1957, செவ்வாய்

தங்கச்சி மகன் றகீமின் கழுத்துக் கட்டியைக் காட்ட இன்று கல்முனைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டருக்கு முன்னால் என் திருவாய் சும்மா இருக்குமா?

"இவன்ட ராத்திரி வேர்வையில மாவடிப்பள்ளி வயலெல்லாம் ரெண்டு போகம் விதைக்கலாம் டொக்டர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை, எழுதினார். "காத்தடிச்சாக் கடலுக்குப் பறந்திருவான், அவ்வளவு மெலிவு." அதையும் எழுதினார்.

"கட்டி நோவுதா?"

"ஆனை மிதிச்சாலும் நோகாது!" என்று பெருமையாக நானே முந்திக்கொண்டேன். அவர் பேனையை வைத்துவிட்டு, அவன் கக்கத்தையும் கவட்டையும் தடவிப் பார்த்தார். அங்கேயும் கட்டிகள் இருந்தன.

பிறகு என்னை மட்டும் வெளியே அழைத்தார். நோகாத கட்டிக்குத்தான் பயப்பட வேண்டுமாம். நெறி கட்டுகிற இடங்களில் பிடிக்கும் புற்றுநோயாக இருக்கலாமாம். கொழும்பில் ஒரு துண்டு வெட்டிப் பார்த்தால்தான் தெரியுமாம்.

பஸ்ஸில் றகீம் கேட்டான்: "உங்கட கதைக்குச் சிரிக்காத மனிசன் உலகத்திலேயே இல்லியே மாமா. அந்த டொக்டர் ஏன் சிரிக்கல்ல?"

ஏழு கடலையும் புளுகால் நிரப்பிய எனக்கு, கல்முனையிலிருந்து நிந்தவூர் வரை ஒரு பொய் கிடைக்கவில்லை. இறங்கும்போது அவன் கட்டியை அமுக்கிக் காட்டினான்.

"பாருங்க, ஒரு சொட்டும் நோகல்ல. நீங்க ஏன் மாமா பயப்படுறீங்க?"